"அவளே கண்டுபிடிப்பா": வீட்டுப்பள்ளிப் பெற்றோருக்கு ஒரு குமுறல்

டிஸ்கி: நீளமான பதிவு. ஆபீஸ்ல ஆணி கம்மியா இருந்த ஒரு சனிக்கிழமை எழுதினது. பாதியில ஓடிடாதீங்க மக்கா.

போன மாசம் கோபி பக்கம் சொந்தத்துல ஒரு காதுகுத்து. கெடா வெட்டு, பந்தி, மொய் நோட்டு எல்லாம் வழக்கம்போல. பந்தி முடிஞ்சு எல்லாரும் வேப்பமரத்தடியில வெத்தலை போட்டுக்கிட்டு இருந்தப்ப, ஒரு பெரியவர் பெரியம்மா பொண்ணோட மகளைக் கூப்பிட்டாரு. பொண்ணுக்கு பதினஞ்சு வயசு. பெயர் எதுக்கு, பாப்பான்னே வச்சுக்குவோம். நாலாங்கிளாஸோட பள்ளிக்கூடம் நிறுத்தியாச்சு. அக்காவும் மச்சானும் 2019ல பெங்களூர் வேலையை விட்டுட்டு சத்தியமங்கலம் பக்கம் ரெண்டரை ஏக்கர் வாங்கி, அங்கேயே வீடு கட்டி, வீட்டுலயே படிக்க வைக்கிறாங்க.

"ஏங்கண்ணு, பள்ளிக்கூடமும் போறதில்லை. நாளைக்கு என்ன வேலைக்குப் போவே?"

"மாட்டு டாக்டர் ஆகலாம்னு இருக்கேன் தாத்தா."

கூட்டம் அமைதியாயிடுச்சு. பெரியவருக்கு அதுக்கு மேல கேக்க ஒண்ணும் இல்லை. அக்கா முகத்துல அப்படி ஒரு பெருமை. என் பக்கம் திரும்பி, "பாத்தியாடா, நாங்க ஒரு வார்த்தை சொல்லலை. அவளே கண்டுபிடிச்சுட்டா"ன்னாங்க.

எனக்கும் சந்தோஷம்தான். சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன், "பத்தாவதுக்கு என்ன பாடமெல்லாம்க்கா எடுத்தா?"

"தேசியத் திறந்தநிலைப் பள்ளிதான், என்ஐஓஎஸ். ஏப்ரல்லயே எழுதி பாஸ் பண்ணிட்டா. தமிழ், இங்கிலீஷ், ஓவியம், மனையியல், டேட்டா என்ட்ரி."

நான் ஙேன்னு முழிச்சேன். கணக்கு இல்லை. அறிவியல் இல்லை. கால்நடை மருத்துவர்.

அக்காவும் அந்த நிமிஷம்தான் யோசிச்ச மாதிரி தெரிஞ்சது. "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்டா"ன்னு சொல்லிட்டு, யாரோ கூப்பிட்ட மாதிரி எழுந்து போயிட்டாங்க. அன்னிக்கு ராத்திரி பஸ்ல வரும்போது ஆரம்பிச்ச குமுறல், இன்னும் அடங்கலை. அதைத்தான் இங்க கொட்டப் போறேன்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், இல்லேன்னா பின்னூட்டத்துல வந்து கும்முவீங்க. நான் வீட்டுப்பள்ளிக்கு எதிரி இல்லை. பள்ளிக்கூடம்தான் வாழ்க்கைக்கு வழி காட்டும்னு ஜல்லியடிக்க என்கிட்ட சரக்கும் இல்லை. ஏன்னா, நான் எப்படி என் தொழிலைத் "தேர்ந்தெடுத்தேன்"னு சொல்றேன் கேளுங்க. 2015ல பிளஸ் டூ முடிச்சேன். பன்னெண்டு வருஷப் பள்ளிப் படிப்புல என்ன ஆகணும்னு ஒரு வாத்தியார்கூட உட்கார்ந்து பேசினதில்லை. இருநூறுக்கு எத்தனை கட்ஆஃப்னு மட்டும்தான் கேட்டாங்க. அப்பல்லாம் கலந்தாய்வுக்கு நேர்லயே கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போகணும், 2018லதான் அது இணையத்துக்கு மாறுச்சு. அப்பாவும் நானும் ராத்திரி ரயிலேறிப் போய், பெரிய திரையில ஓடுற காலியிடப் பட்டியலை வாயைப் பிளந்து பாத்து, உள்ள போய் கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து, சில நிமிஷத்துல எலக்ட்ரானிக்ஸ்னு ஒண்ணை அமுக்கினேன். எலக்ட்ரானிக்ஸ்ல என்ன வேலை செய்வாங்கன்னு அன்னிக்கு எனக்குத் தெரியாது. நாலு வருஷம் அதைப் படிச்சுட்டு, அதுக்குச் சம்பந்தமே இல்லாம இப்ப பொட்டி தட்டிக்கிட்டு இருக்கேன். ஆக, பள்ளிக்கூடம் இந்த விஷயத்துல கிழிச்சது என்னன்னு எனக்கு நல்லாவே தெரியும்.

"பொண்ணு வீணாப் போயிட்டா"ன்னு பேசுற சொந்தக்காரங்களைப் பத்தியும் எழுதப் போறதில்லை. அவங்க பள்ளிக்குப் போன பசங்களையும் அதேதான் சொல்வாங்க. கடந்து போவோம்.

என் சண்டை நம்ம ஆளுங்களோட. குழந்தை மரமேறுறது, மண்ணுல விளையாடுறது, ரொட்டி சுடுறது எல்லாத்தையும் அழகா எழுதற வீட்டுப்பள்ளிப் பெற்றோரோட. அத்தனையும் ரசிச்சுப் படிச்சிருக்கேன். ஆனா பதிமூணு, பதினாலு வயசு வந்ததும் அந்தப் பதிவுகள்ல ஒரு வரி தவறாம வரும்: "அவன் பாதையை அவனே கண்டுபிடிப்பான்." அதுக்கப்புறம் அங்க ஒண்ணும் இருக்காது. எதை வச்சு கண்டுபிடிப்பான்? எங்க போய்? இதை யாரும் எழுதறதில்லை.

காதுகுத்துக்கு அடுத்த வாரம் பாப்பாவுக்கு போன் போட்டேன். "உனக்குத் தெரிஞ்ச வேலையெல்லாம் சொல்லு பாப்பா, எத்தனை வேணா சொல்லு"ன்னேன். சொன்னா. சாப்ட்வேர், இயற்கை விவசாயம், காட்டுயிர் போட்டோகிராபி, கேம் டிசைன், யூட்யூப், யோகா டீச்சர், பேக்கரி, கட்டிடக் கலை, அப்புறம் மாட்டு டாக்டர். நின்னுடுச்சு. இந்தப் பட்டியலைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. முக்கால்வாசி அக்கா, மச்சானோட நண்பர் வட்டம். மிச்சம் திரை. அந்த மாட்டு டாக்டர் மட்டும்தான் அவங்க வீட்டு மாடு சினைக்கு நின்னப்ப தற்செயலா உள்ள வந்தவர். அந்த ஒரு மாடு மட்டும் இல்லேன்னா?

"ஊருக்குள்ள நிலத்தை அளக்க வந்தாரே, அவரு என்ன வேலை?"ன்னு கேட்டேன். தெரியலை. ரத்தப் பரிசோதனை செய்யறவங்க என்ன படிச்சிருப்பாங்க? டிரான்ஸ்பார்மர்ல ஏறுறவருக்கு யாரு சம்பளம் கொடுக்கறா? நாம வாங்கற பால் பாக்கெட்ல கொழுப்பு எவ்வளவுன்னு யாரு பாக்குறா? தெரியலை மாமா, தெரியலை மாமா. புத்திசாலிப் பொண்ணுங்க அது. நூறு பறவை பேரு சொல்லும். கூட்டைப் பாத்தே எந்தக் குருவின்னு சொல்லும். மனுசங்க என்ன வேலை செஞ்சு பொழைக்கிறாங்கன்னு மட்டும் யாரும் அதுக்குக் காட்டலை.

இங்கதான் பள்ளிக்கூடத்துல தெரியாத்தனமா நடக்கிற ஒரு நல்லதைச் சொல்லணும். எங்க வகுப்புல அம்பது பேரு. வாத்தியார் ஒண்ணும் சொல்லித் தரலை, வாஸ்தவம்தான். ஆனா பக்கத்துல உக்கார்ந்தவனோட அப்பா லைன்மேன், முன் பெஞ்சுக்காரனோட அம்மா நர்ஸ், இன்னொருத்தன் வீட்டுல தறி, இன்னொருத்தன் அப்பா ஆர்டிஓ ஆபீஸ் வாசல்ல மனு எழுதறவரு, ஒருத்தனோட அண்ணன் கப்பல்ல. அம்பது பசங்க வழியா அம்பது வீட்டு அடுப்பு எப்படி எரியுதுன்னு காதுல விழுந்துகிட்டே இருக்கும். லைன்மேன் பையன் மழை ராத்திரி அப்பாவுக்காக முழிச்சிருந்ததைச் சொன்னப்ப, அந்த வேலையைப் பத்தி எந்தப் பாடப் புத்தகத்துலயும் இல்லாத ஒண்ணு எனக்குத் தெரிஞ்சது. நீங்க குழந்தையைப் பள்ளிக்கூடத்துலேர்ந்து கூட்டிக்கிட்டு வர்றப்ப, மனப்பாடத்தையும் பிரம்படியையும் மட்டும் விட்டுட்டு வரலை. இந்த அம்பது வீட்டையும் சேத்துத்தான் விட்டுட்டு வர்றீங்க. அதுக்குப் பதிலா என்ன வச்சீங்க?

இன்னும் காரமா சொல்லணும்னா, 1953ல ராஜாஜி கொண்டு வந்த தொடக்கக் கல்வித் திட்டத்தை நாம என்ன சொல்லித் திட்டுறோம்? பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழிலைப் பழகுன்னா அது குலக்கல்விதானேன்னு நாடே எதிர்த்துச்சு. 1954ல காமராஜர் வந்து அதைத் தூக்கி எறிஞ்சாரு. சரி. இப்ப ஒரு பொண்ணு பதினஞ்சு வயசு வரைக்கும் அப்பா அம்மாவோட சிநேகிதங்க செய்யற வேலையை மட்டுமே பாத்து வளந்தா அதுக்கு என்ன பேரு? ஐடிக்காரன் பிள்ளை ஐடி, இல்லாட்டி ஐடியை விட்டவன் பிள்ளை இயற்கை விவசாயம். நாம பேரை மட்டும் "சுதந்திரக் கல்வி"ன்னு மாத்தி வச்சிருக்கோம். ரெண்டும் ஒண்ணு இல்லைன்னு எனக்கும் தெரியும். அங்க அரசாங்கம் ஏழை மேல திணிச்சது, இங்க வசதியானவங்க தாங்களா அமைச்சுக்கிட்டது. ஆனா பாக்காத தொழிலை ஒரு பிள்ளை தேர்ந்தெடுக்க முடியாதுங்கிறது ரெண்டு இடத்துலயும் ஒண்ணுதான்.

அடுத்து காகிதம். இதைச் சொன்னாலே நம்ம வட்டத்துல மூஞ்சியைச் சுளிப்பாங்க. "சர்டிபிகேட்டுக்காகவா படிக்கிறோம்?" இல்லைங்க. ஆனா கதவு சத்தம் போடாம மூடிக்கும், அதான் பிரச்சினை.

என்ஐஓஎஸ்ல பத்தாவதுக்கு அஞ்சு பாடம். குறைஞ்சது ஒரு மொழி இருக்கணும், மிச்சத்தை நாமளே எடுத்துக்கலாம். பதினாலு வயசு முடிஞ்சா சேரலாம். வருஷத்துக்கு ரெண்டு தடவை பொதுத்தேர்வு. ஒரு தடவை சேந்தா அஞ்சு வருஷத்துக்குள்ள, ஒன்பது வாய்ப்புல முடிச்சுக்கலாம். 1989லேர்ந்து இந்த நிறுவனம் இருக்கு. விளையாட்டு வீரர்லேர்ந்து வேலைக்குப் போற பசங்க வரைக்கும் எத்தனையோ பேருக்குக் கைகொடுத்த ஏற்பாடு. குறை அதுமேல இல்லை. "எது ஈசியோ அதை எடுத்து பாஸ் பண்ணிடு, அப்புறம் பாத்துக்கலாம்"னு நாம அதைப் பயன்படுத்தற விதத்துலதான் குறை.

கணக்கும் அறிவியலும் இல்லாத ஒரு பத்தாவது சர்டிபிகேட்டை வச்சு என்னென்ன முடியாதுன்னு ஒரு நாள் உக்காந்து பாத்தேன். சென்னை ஐஐடி இணையம் வழியா நடத்துற டேட்டா சயின்ஸ் பட்டம் இருக்கே, ஜேஇஇ இல்லாம யாரு வேணா முயற்சி பண்ணலாம்னு வீட்டுப்பள்ளிக்காரங்க எல்லாரும் கொண்டாடுற படிப்பு, அதுக்கே பத்தாவதுல கணக்கும் ஆங்கிலமும் படிச்சிருக்கணும். சரி, கைத்தொழில் போகட்டும்னா, ஐடிஐயில எலக்ட்ரீஷியன் பிரிவுக்குப் பத்தாவதுல அறிவியலும் கணக்கும் கேப்பாங்க. வெல்டர், வயர்மேன் மாதிரி சிலதுக்கு எட்டாவது போதும். கட்டிடக் கலைன்னா பன்னெண்டாவதுல கணக்கும் இயற்பியலும் வேணும். நம்ம பாப்பா கேட்ட கால்நடை மருத்துவத்துக்குப் பன்னெண்டாவதுல இயற்பியல், வேதியியல், உயிரியல் கட்டாயம். அஞ்சரை வருஷப் படிப்பு அது, ஒரு வருஷப் பயிற்சியோட சேத்து. பத்தாவது அறிவியலையே தொடாத பொண்ணு நேரா பன்னெண்டாவது வேதியியல் புத்தகத்தைத் திறந்தா என்ன ஆகும்? வயித்தைக் கலக்கும். "எனக்கு சயின்ஸ் வராது"ன்னு முடிவு பண்ணிக்கும். அப்புறம் அம்மா, அப்பா, "அவ ஆர்வம் மாறிடுச்சு, நாங்க வற்புறுத்தலை"ன்னு ஒரு பதிவு போடுவாங்க.

ஆர்வம் எங்கங்க மாறுச்சு? நீங்க ரெண்டு வருஷம் முன்னாடி நிரப்பின விண்ணப்பத்துல மாறுச்சு.

இன்னொண்ணு, விதிங்க அப்படியே நிக்காது. 2018ல திறந்தநிலைப் பள்ளியில படிச்சவங்க நீட் எழுதவே தகுதி இல்லைன்னு ஒரு விதி வந்துச்சு. டெல்லி உயர்நீதிமன்றம் அதே வருஷம் அது செல்லாதுன்னு சொல்லிடுச்சு. நல்லதுதான். ஆனா அந்தச் சில மாசம் அந்தப் பசங்க எப்படித் தூங்கியிருப்பாங்க? நம்ம ஊர்லயும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு ஆறாவதுலேர்ந்து பன்னெண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சவங்களுக்குத்தான், ரொம்ப நியாயமான ஏற்பாடு. அரசுப் பள்ளியிலேர்ந்து பிள்ளையை நிறுத்தப் போற ஒரு அப்பாவுக்கு, இதை இழக்குறோம்ங்கிறது தெரிஞ்சிருக்கணும் இல்லையா? அதனால ஒவ்வொரு வருஷமும் நாலு கல்லூரியோட தகவல் கையேட்டை எடுத்து, தகுதின்னு போட்டிருக்கிற பக்கத்தை மட்டுமாவது படிக்கறது பெத்தவங்க வேலை. அது பிள்ளை வேலை இல்லை.

இதைச் சொன்னா உடனே மும்பைப் பொண்ணு மாளவிகா ஜோஷியைக் கொண்டு வந்து நிறுத்துவாங்க. ஏழாவதோட பள்ளிக்கூடத்தை விட்டு, வீட்டுல படிச்சு, உலகத் தகவலியல் ஒலிம்பியாட்ல மூணு பதக்கம் வாங்கி, 2016ல எம்ஐடி போனவங்க. சூப்பர். கைதட்டறேன். ஆனா கதையை முழுசாச் சொல்லுங்க சாமி. அத்தனை பதக்கம் இருந்தும் பன்னெண்டாவது இல்லைன்னு ஐஐடிக்குள்ள அவங்களால போக முடியலை. நம்ம சென்னை கணிதவியல் கழகம் மாதிரி ஒரு இடம்தான் திறமையைப் பாத்து உள்ள விட்டுச்சு. உலகப் பதக்கம் வச்சிருந்த பொண்ணுக்கே கதவு இப்படின்னா, மாட்டுக்கு வைத்தியம் பாக்கணும்னு ஆசைப்படற சத்தியமங்கலத்துப் பாப்பாவுக்கு? ஐஐடி பண்ணினது சரியா தப்பான்னு தனிப்பதிவா சண்டை போடலாம், நானும் வர்றேன். அந்தச் சண்டை முடியற வரைக்கும் பாப்பாவோட வயசு நிக்காது.

அப்புறம் வசதி. இதை எழுதணுமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன், அக்கா படிப்பாங்க. பரவால்ல. "சர்டிபிகேட்ல ஒண்ணும் இல்லை"ன்னு சொல்ற பெற்றோர்ல எனக்குத் தெரிஞ்ச எல்லாருக்கும் பி.ஈ. இல்லாட்டி எம்.எஸ்ஸி. இருக்கு. பீரோவுல, பிளாஸ்டிக் உறையில, பத்திரமா. விவசாயம் கைகொடுக்கலைன்னா நாலு மாசத்துல திரும்ப ஒரு வேலையில உக்காந்துடுவாங்க. மச்சான் போன வருஷம் கெணறு வத்தினப்ப அதான் செஞ்சாரு, வீட்டுலேர்ந்தே ஆறு மாசம் கோட் அடிச்சாரு. தப்பே இல்லை. ஆனா அந்தக் காகிதத்து மேல நின்னுக்கிட்டே பிள்ளைகிட்ட "காகிதம் வேண்டாம்"னா எப்படி? உங்களுக்குக் கீழ வலை கட்டியிருக்கு. பிள்ளைக்குக் கட்டினீங்களா? இருவத்தஞ்சு வயசு வரைக்கும் தேடிக்கிட்டே இருக்கட்டும்னு சொல்ல முடியற வீடு எத்தனை இருக்கு?

கூட்டத்துல ஆளாளுக்கு ஒரு குறுக்குவழியும் வச்சிருக்காங்க. அக்காவோட வட்டத்துல ஒரு அம்மா, பையனோட பத்து விரல் ரேகையையும் எடுத்து, மூளையோட எந்தப் பக்கம் எத்தனை சதவீதம் வேலை செய்யுதுன்னு வண்ண வண்ணமா அறிக்கை வாங்கிட்டு வந்திருக்காங்க. டிஎம்ஐடின்னு பேரு. சில ஆயிரம் ரூபா. பையன் "தலைமைப் பண்பு உள்ள கழுகு வகை"யாம், நிர்வாகம் படிக்கணுமாம். விரல் ரேகை கருவுல இருக்கும்போதே அமைஞ்சுடுது. அதுக்கும் அறிவுத்திறனுக்கும், தொழிலுக்கும் சம்பந்தம் இருக்குன்னு எந்த அறிவியல் ஆதாரமும் கிடையாது. கிளி ஜோசியக்காரராவது பத்து இருபதோட விட்டுடறாரு, பாவம். பள்ளிக்கூடம் பிள்ளைக்கு முத்திரை குத்துதுன்னு வெளிய வந்தவங்க, விரலை மையில ஒத்தி முத்திரை குத்திக்கறாங்க. சிரிக்கறதா அழறதா தெரியலை :-(

சரி, குறை சொல்லிட்டே இருந்தா எப்படி, நீ என்ன கிழிச்சேன்னு கேப்பீங்க. சொல்றேன்.

காலேஜ் நண்பனோட சித்தப்பா ஈரோடு பக்கம் ஒரு அரசு கால்நடை மருந்தகத்துல டாக்டர். அவர்கிட்ட கேட்டேன், ஒரு பொண்ணு நாலு நாள் ஓரமா நின்னு பாக்கலாமான்னு. "எதையும் தொடக்கூடாது, மாட்டுக்குப் பின்னால நிக்கக்கூடாது, கூட ஒரு பெரியவங்க வரணும்"னு மூணு கண்டிஷன் போட்டாரு. அக்காவைத்தான் அனுப்பினேன். வேணும்னே. (அக்கா முதல் நாள் சினை ஊசி போடறதைப் பாத்துட்டு மூக்கைப் பொத்திக்கிட்டு வண்டிக்குள்ள போய் உக்காந்துட்டாங்கன்னு கேள்வி.)

பாப்பா தோள்பட்டை வரைக்கும் கையுறை போட்டு டாக்டர் வேலை பாக்கறதைக் கண்ணைச் சிமிட்டாம பாத்திருக்கா. ரெண்டாவது நாள் காலையில ஒரு தோட்டத்துலேர்ந்து போன். கன்னு குறுக்கா நின்னுடுச்சு. இவங்களும் பின்னாடியே போயிருக்காங்க. ரெண்டு மணி நேரம் போராட்டம். மாடு பொழைச்சுது, கன்னு இல்லை. மாட்டுக்காரம்மா வாசல்ல உக்காந்து அழுதிருக்காங்க. டாக்டர் கை கழுவிட்டு, பத்து நிமிஷம் பேசாம நின்னுட்டு, அடுத்த ஊருக்குக் கிளம்பிட்டாராம். மூணாவது நாள் முழுக்க மருந்தகத்துல. ஆடு, கோழி, ஒரு நாய், அதுக்கு நடுவுல ரிஜிஸ்டர், ரிஜிஸ்டர், ரிஜிஸ்டர். எத்தனை தடுப்பூசி, எத்தனை மருந்து இருப்பு, மேல அனுப்ப வேண்டிய அறிக்கை.

நாலாவது நாள் ராத்திரி பாப்பா போன் பண்ணினா. "மாமா, ஊசி போடறதைவிட எழுதறதுதான் ஜாஸ்தி இருக்கு." அப்புறம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அந்தக் கன்னு செத்தது டாக்டர் தப்பா மாமா?" இல்லைடா, அவங்க முன்னாடியே கூப்பிட்டிருக்கணும்னேன். "அப்ப ஊர்ல இருக்கிறவங்களுக்கு எப்பக் கூப்பிடணும்னு யாரு சொல்லித் தருவாங்க? அது ஒரு வேலையா?"

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும். நானே தேடிப் பாத்துட்டுத்தான் பதில் சொன்னேன். கால்நடை ஆய்வாளர்னு ஒரு வேலை இருக்கு, பால் கூட்டுறவு சங்கத்துல வேலை இருக்கு, ஆய்வகத்துல இருக்கு, தடுப்பு மருந்து தயாரிக்கிற இடத்துல இருக்கு. "மாட்டு டாக்டர்"ங்கிற ஒரு சொல்லுக்குள்ள இத்தனை அறை இருக்குன்னு வாசல்ல நாலு நாள் நின்னாத்தான் தெரியுது. எந்தக் கைரேகையும் இதைக் காட்டாது. "உனக்கு எது பிடிக்குது?"ன்னு மொட்டையாக் கேக்கறதும் காட்டாது. நாலு நாள் முடிஞ்சு, "ச்சீ, இது வேண்டாம்"னு சொல்லியிருந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான். பதினஞ்சு வயசுல வேண்டாம்னு சொல்ல நாலு நாள் போதும். இருவத்திரண்டு வயசுல சொன்னா நாலு வருஷமும் அப்பாவோட கடனும் போயிருக்கும். என்னைக் கேளுங்க.

வீட்டுப்பள்ளிப் பிள்ளைங்ககிட்ட இருக்கிற பெரிய சொத்தே இதுதாங்க. நேரம். பள்ளிக்குப் போற பத்தாங்கிளாஸ் பையனால செவ்வாக்கிழமை காலையில மருந்தகத்துல போய் நிக்க முடியுமா? டியூஷன், டெஸ்டுன்னு அவன் செத்துக்கிட்டு இருக்கான். உங்க பிள்ளைக்கு முடியும். கோயமுத்தூர்ல பம்ப் பட்டறை, பவானியில ஜமக்காளத் தறி, மாமல்லபுரத்துல சிற்பக் கல்லூரி, தாலுகா ஆபீஸ், அச்சாபீஸ், டயாலிசிஸ் நடக்கிற இடம்னு மாசத்துக்கு ஒண்ணு பாத்தாலும் மூணு வருஷத்துல முப்பத்தாறு. அந்தச் சொத்தை வச்சுக்கிட்டு, அதே நாலு நண்பர் வீட்டுக்குத் திரும்பத் திரும்பக் கூட்டிட்டுப் போறீங்களே, அதான் வயித்தெரிச்சல்.

"சின்னப் பிள்ளையை வேலைக்குப் பழக்கச் சொல்றியா?"ன்னு ஒரு குரல் வரும். இல்லை. பதினாலு வயசுக்குக் கீழ வேலைக்கு வைக்கக்கூடாதுன்னு சட்டம் இருக்கு. பதினாலுலேர்ந்து பதினெட்டு வரைக்கும் ஆபத்தான வேலை கூடாது. 2016ல அதைத் திருத்தி இன்னும் இறுக்கினாங்க. நான் சொல்றது பாக்கறதை, கேக்கறதை. பட்டறையில ஓரமா நின்னு பாக்கற பையன் கையில ஸ்பானரைக் கொடுத்து நாள் பூரா வேலை வாங்கினா அது வேற கதை, அங்கேர்ந்து உடனே கூட்டிட்டு வந்துடுங்க.

இன்னொரு குரல், "பள்ளிக்கூடம் மட்டும் இதையெல்லாம் செய்யுதா?" செய்யலை. அதைத்தான் மேல எழுதினேன். ஆனா அது சரியில்லைன்னுதானே வெளிய வந்தீங்க? அதோட மார்க்கையே உங்களுக்குப் பாஸ் மார்க்கா வச்சுக்கிட்டா எப்படி? பள்ளிக்கூடம் சொதப்பினா திட்ட ஒரு தலைமையாசிரியராவது இருக்காரு. வீட்டுல தலைமையாசிரியரும் நீங்கதான், திட்டு வாங்க வேண்டியவரும் நீங்கதான்.

எதிர்ப்பதிவு போடறவங்க தாராளமா போடுங்க. ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். உங்க பிள்ளை பெத்தவங்களோட நட்பு வட்டத்துக்கு வெளிய, போன வருஷம் எத்தனை பேரோட வேலையை நேர்ல பாத்துச்சுங்கிற எண்ணிக்கையையும் அதுல போடுங்க.

அக்கா ரெண்டு வாரம் என்கிட்டப் பேசலை. போன ஞாயித்துக்கிழமை வாட்ஸப்ல ஒரு படம் மட்டும் வந்துச்சு. கணக்கு, அறிவியல் ரெண்டையும் தனியா எழுத நிரப்பின விண்ணப்பம். ஒரு வருஷம் தள்ளிப் போகும், போகட்டும். பாப்பா சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு என்கிட்ட வீடியோ கால்ல அறிவியல் படிக்கணும்னு ஏற்பாடு. முதல் பாடம் ஒளி விலகல். எனக்கு அது சுத்தமா மறந்து போச்சு. இன்னிக்கு ராத்திரி உக்காந்து நான் முதல்ல படிக்கணும்.